கட்லெட் கடைப் பின்வாசல் சேறு

ஒசாகா
23 ஆகஸ்ட் 1994

ஹினோசே, கீழ வாய்க்கால் தெரு, குரிமோட்டோ கட்லெட் கடை உரிமையாளர் திரு. குரிமோட்டோ கென்சோ அவர்களுக்கு,

வணக்கம். இந்த வருடக் கோடை யாரையும் விட்டுவைக்கவில்லை. அங்கே அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோளுக்காக எழுதுகிறேன். உங்கள் கடையின் பின்வாசலை ஒட்டி ஓடும் வாய்க்காலிலிருந்து எனக்குக் கொஞ்சம் சேறு வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், அழுக்குத் தண்ணீரில் வாழும் பாக்டீரியாக்களைப் பிடித்து வளர்க்கிறோம். சாக்கடையில் பிறந்த பாக்டீரியா அங்கே கிடைப்பதைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். அதற்காக ஒவ்வொன்றும் ஒவ்வொரு நொதியைச் சுரக்கிறது. ஒன்றின் நொதி மாவை உடைக்கும், இன்னொன்றின் நொதி கொழுப்பை உடைக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் உங்கள் வீட்டிலிருந்து நான் கிளம்பிய அன்று, தெருவில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று பின்வாசல் வழியாக, வாய்க்கால் ஓரமாகவே ஸ்டேஷனுக்கு நடந்தேன். பத்தடி போவதற்குள் இடது கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. அந்த ரப்பர் பூட்ஸைக் கழுவக்கூட மனமில்லாமல் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். இங்கே சேர்ந்த புதிதில், கை பழகுவதற்காக, பூட்ஸில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டி, பாக்டீரியா வளர்க்கும் எண்ணெய் கலந்த கூழ்த்தட்டில் பூசி வைத்தேன். நான்காம் நாள் பார்த்தால், பால் போல வெளுத்திருந்த தட்டில் ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் கண்ணாடியாகத் தெளிந்த வளையம். அங்கிருந்த கொழுப்பையெல்லாம் அது தின்று தீர்த்திருந்தது. அதுவும் குளிரில்.

நம் நாட்டில் எல்லா வீட்டிலும் பச்சைத் தண்ணீரில்தான் துணி துவைக்கிறோம். பச்சைத் தண்ணீரில் எண்ணெய்க் கறையை எடுக்கும் நொதி என்றால் சோப்புத்தூள் கம்பெனிக்காரர்கள் செருப்பு மாட்டாமல் ஓடிவருவார்கள். நவம்பர் கடைசியில் வரவும் போகிறார்கள்.

ஆனால் இப்போது அந்தப் பாக்டீரியா எங்களிடம் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான பேஸ்பால் போட்டியைப் பார்க்க எங்கள் பேராசிரியர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு டிவி கொண்டுவந்தார். பிளக் செருக இடமில்லை. பாக்டீரியாக்களை வைத்திருந்த உறைபெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செருகினார். ஆட்டம் முடிந்ததும் டிவியை மட்டும் அணைத்தார், எல்லோரும் முன்னோரை வணங்கும் ஓபோன் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே குளிக்கலாம் போல வெதுவெதுவென்று இருந்தது. ஒன்றுகூட உயிரோடு இல்லை. பேராசிரியரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அவருடைய பழைய பள்ளிக்கூடம்தான் ஜெயித்ததாம்.

நவம்பரில் காட்ட அது இல்லையென்றால் மார்ச்சோடு என் வேலை போய்விடும். நாற்பத்துநாலு வயதுக்காரியை இன்னொரு ஆய்வுக்கூடம் எடுத்துக்கொள்ளாது.

செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று தெரிவிக்கவும். அரைமணி நேரம்தான், பின்பக்கமாகவே வந்து பின்பக்கமாகவே போய்விடுவேன்.

இப்படிக்கு,
குரிமோட்டோ சுமியே

பி.கு: சென்ற வருடம் அனுப்பிய விவாகரத்துப் படிவத்தில் கையெழுத்துக்கு என் பெயர் முத்திரை குத்தியாகிவிட்டது. உங்கள் முத்திரை மட்டும்தான் பாக்கி.


ஹினோசே
27 ஆகஸ்ட்

சுமியேவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறை கனமாக இருந்தது. மூன்று வருடம் கழித்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாளே என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து படித்தேன். சேற்றைப் பற்றி நாலு பக்கம்! அந்தச் சேற்றுக்குப் பத்தடி தள்ளி கென்சோ என்று ஒருத்தன் இருந்தானே, அவன் இருக்கிறானா போய்ச் சேர்ந்தானா என்று ஒரு வரி உண்டா? 'அங்கே அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.' இங்கே அனைவரும் என்றால் நானும் பூனையும்தான். பூனை நலம்.

உன் இடது கால் எப்படி இருக்கிறது? அன்றைக்குச் சுளுக்கிக்கொண்டதா? இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

நிற்க. உன் கடிதத்தில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. நம் வாய்க்காலில் கொழுப்பு கிடையாது. பதினோரு வருடமாக நான் தெருச் சங்கத் தலைவர். நகராட்சி கொடுத்த 'தூய வாய்க்கால்' சான்றிதழ் கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, நீதான் ஆணி அடித்தாய். போன வருடம் சலூன் ஒகிதா வெட்டின முடியை வாய்க்காலில் கொட்டியபோது, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, தெரு முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான். என் கடை எண்ணெயை வியாழக்கிழமைதோறும் பழைய எண்ணெய் வாங்கும் டிரம்காரர் வந்து கடைசிச் சொட்டு வரை எடுத்துப் போகிறார். இதை நீ இருந்தபோதே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பாக்டீரியா மேலே எங்காவது நூடுல்ஸ் கடைப் பக்கம் இருந்து மிதந்து வந்திருக்கும்.

ஆனாலும் வா. பின்பக்கமாக எதற்கு வர வேண்டும்? நீ என்ன திருடியா?

முத்திரையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

கென்சோ


ஒசாகா
1 செப்டம்பர்

கென்சோ அவர்களுக்கு,

அனுமதிக்கு நன்றி. கால் நலம்.

குரிமோட்டோ என்று செதுக்கிய முத்திரை எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் ரெடிமேடாகக் கிடைக்கும். படிவமும் தொலைந்துவிட்டது என்றால் சொல்லுங்கள், வேறு அனுப்புகிறேன். ஆய்வுக்கூடத்துக்கு எதிரேயே வட்ட அலுவலகம். அங்கே கவுண்டரில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது தீர்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு விஷயம். நான் வருவதற்காக எந்த ஏற்பாடும் வேண்டாம். வாய்க்கால் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம். டீகூட வேண்டாம்.

சுமியே


ஹினோசே
8 செப்டம்பர்

சுமியேவுக்கு,

உன் அடக்கம் எனக்குத் தெரியாதா? நம் ஊருக்கு விருந்தாளியாக வரும் எவரும் முதலில் சொல்வது 'எந்த ஏற்பாடும் வேண்டாம்' என்பதுதான். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவனை யாராவது மனுஷனாக மதித்திருக்கிறார்களா? உன் அம்மா வீட்டுக்கு வரும்போதும் இதையேதான் சொல்வார், நான் ஒரு நாள் அதை நம்பிப் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும்.

சங்கத்தில் சொல்லிவிட்டேன். "பல்கலைக்கழகத்துலேருந்து நம்ம வாய்க்காலைப் பார்க்க வர்றாங்க" என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் டோஃபுக் கடை நோனாகா அக்காதான் எழுந்தார். "இந்தக் கோலத்துலயா காட்டப் போறோம்? மானம் போயிடும்" என்றார். சரிதானே?

வருடாந்திர வாய்க்கால் தூர்வாரல் வசந்தத்தில் முடிந்துவிட்டது. இருந்தாலும் உனக்காக இன்னொரு தடவை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள், வீட்டுக்கு ஒரு ஆள். மண்வெட்டியால் சேற்றை அள்ளி லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. கல்லைத் தேங்காய்நார்ப் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். ஒகிதா தன் சலூன் பிரஷ்ஷையே கொண்டுவந்து இடுக்குகளைச் சுத்தம் பண்ணினார், மனுஷன் திருந்திவிட்டார். கடைசியாகப் பிளீச்சிங் பவுடர், பத்துப் பை. இப்போது அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

அதோடு இரண்டு வண்ணக் கெண்டை வாங்கி விட்டிருக்கிறோம். வந்ததிலிருந்து கொஞ்சம் சோர்வாக இருக்கின்றன. பயணக் களைப்பு.

11-ஆம் தேதி பத்தே முக்கால் ரயில்தானே? ஸ்டேஷனுக்கே வந்துவிடுகிறோம்.

கென்சோ
கீழ வாய்க்கால் தெருச் சங்கத் தலைவர்


ஒசாகா
18 செப்டம்பர்

கென்சோ அவர்களுக்கு,

கெண்டைகளுக்கு வந்தது பயணக் களைப்பு இல்லை. பிளீச்சிங் பவுடர்.

உங்கள் கடிதம் எனக்கு 10-ஆம் தேதி கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டே படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியர் ஓடிவந்து, "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமாம் சார், ஒரு ஆயிரம் கோடி" என்றேன்.

இருந்தும் வந்தேன். எங்காவது ஒரு பிடி சேறு மிஞ்சியிருக்காதா என்றுதான் வந்தேன். பிளாட்பாரத்தில் பேனர், நாற்பது பேர், நகராட்சித் துணைத் தலைவர். நீங்கள் ஒலிபெருக்கியில், "இதோ வந்துட்டாங்க! நம்ம வாய்க்காலோட தூய்மையை உலகத்துக்கே எடுத்துச் சொல்லப் போற ஆராய்ச்சியாளர்!" என்றீர்கள். என் சொந்தப் புருஷன் என்னை ஊருக்கு அறிமுகப்படுத்துகிறார். ஊரில் பாதிப் பேர் என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்.

முழங்கால் போட்டுக் குனிந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த குழாய்க்கும் கை தட்டினார்கள். பதினோரு இடம், பதினோரு கைதட்டல். ஒவ்வொரு குழாயிலும் நீச்சல்குள வாடை. பின்னால் நின்ற நோனாகா அக்கா என் காதருகே வந்து சொன்னார்: "மூணு நாளா உன் வீட்டுக்காரன் ராத்திரி பகல் பாக்காம தேய்ச்சான்டி. இப்படி ஒரு நாளாவது அடுப்படியைத் தேய்ச்சிருந்தா நீ ஏன் கெளம்பியிருக்கப் போற?" நல்லவேளை, கெண்டைகளையாவது அவர் தன் டோஃபுத் தொட்டியில் எடுத்து விட்டார். இப்போது நீந்துகின்றன என்று கேள்வி.

பதினோரு குழாயிலிருந்தும் தட்டில் பூசி ஒரு வாரம் வைத்திருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறையில்கூட இதைவிட அதிகமாக முளைக்கும்.

இன்னொன்றும் பார்த்தேன். வாய்க்கால் முழுக்கத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. உங்கள் பின்வாசலில் மட்டும் ஒரு பலகை, அதன் மேல் ஏழு செவ்வந்தித் தொட்டிகள். அந்தப் பலகைக்குக் கீழே ஒரு கையும் பட்டதாகத் தெரியவில்லை. "இதைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்று கேட்டேன். நீங்கள் ஒலிபெருக்கியை இறக்காமலேயே, "பூக் கண்காட்சிக்கு வளர்க்கிறது, வேர் அசைஞ்சா போச்சு!" என்றீர்கள். தெரு முழுக்கக் கேட்டது. செவ்வந்திக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் கேட்டுப் பார்த்தவள். நீங்கள் என்னிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும். எல்லாம் சின்னச் சின்னது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவியாச்சு, டாக்டரைப் பார்த்தாச்சு, உன் அக்காவுக்கு போன் பண்ணியாச்சு. ஊருக்கு முன்னால் தலை குனியக் கூடாது, எனக்கு முன்னாலும் குனியக் கூடாது. ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்தியிருப்பேன். நாளுக்கு ஒன்று என்பதுதான் முடியவில்லை.

சுமியே


ஹினோசே
24 செப்டம்பர்

சுமியேவுக்கு,

கட்லெட் இருபது அனுப்பியிருக்கிறேன். பேராசிரியருக்கும் கொடு. பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் அது எதனுடையது என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்.

செவ்வந்தி விஷயம்: தண்ணீர் ஊற்றுகிறேன். நீ பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சேறு வேண்டுமென்றால் மேல்தெருவில் இருக்கிறது, அங்கே யாரும் சுத்தம் செய்வதில்லை. ஒரு வாளி எடுத்து அனுப்பவா? ஆற்று முகத்திலும் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன். வெயிலும் குறைந்துவிட்டது. இந்த வாரம் கட்லெட் கருகுகிறது, ஏன் என்று தெரியவில்லை, மாவில் ஏதோ கோளாறு.

கெண்டைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நோனாகா அக்கா அவற்றுக்கு உன் பெயரும் என் பெயரும் வைத்திருக்கிறார். இரண்டும் தொட்டியின் இரண்டு மூலையில் இருக்கின்றன.

கென்சோ


ஒசாகா
4 அக்டோபர்

கென்சோ அவர்களுக்கு,

கட்லெட்டுக்கு நன்றி. கருகல் எதுவும் இல்லை. பேராசிரியர் ஆறு சாப்பிட்டார்.

மேல்தெருச் சேறு வேண்டாம். வேறு ஊர்ச் சாக்கடைகள் எட்டிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டேன். எண்ணெய் தின்னும் பாக்டீரியா எல்லாவற்றிலும் இருக்கிறது, ஆனால் எல்லாம் வெந்நீர் கேட்கிற ரகம். குளிரில் தின்பது அந்த ஒன்றுதான். வருஷக்கணக்காக ஒரே இடத்தில், பனிக்காலத்திலும் விடாமல், யாரோ அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலை கவிழ்ந்து, "தப்பு என்னோடதுதான்மா" என்றார். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இரண்டு சொல்லைச் சொல்ல ஒரு ஆணால் முடியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மார்ச்சுக்குப் பிறகு மட்சுயாமாவில் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அவள் வீட்டுக்காரரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் பெட்டி ஒட்டும் வேலை இருக்கிறதாம். போவதற்கு முன் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே கடைசித் தடவையாகக் கேட்கிறேன், முத்திரையைக் குத்தி அனுப்பிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் உண்மையிலேயே போங்கள்.

சுமியே


ஹினோசே
12 அக்டோபர்

சுமியே,

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வருகிறது. குளிர்ப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். 'உள்ளே என்ன?' என்ற இடத்தில் ஊறுகாய் என்று எழுதினேன். எழுதிவிட்டு, அடித்துவிட்டு, சேறு என்று எழுதினேன். கவுண்டர் பெண் இரண்டு தடவை படித்தாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். பலகைக்குக் கீழே ஒரு குழாய் இருக்கிறது. அப்பா போட்டது. டிரம்காரர் எண்ணெயைத்தான் எடுப்பார், சட்டி அடியில் தங்கும் கசடை வடிகட்டிக் கொடுத்தால்தான் வாங்குவார். வடிகட்ட எனக்குச் சோம்பல். இருபது வருடமாக, கடை அடைக்கும்போது, கசடு முழுக்க அந்தக் குழாயில்தான் போயிற்று. பதினோரு வருடம் தலைவராக இருந்தபோதும். ஒகிதாவை மன்னிப்புக் கேட்க வைத்த அன்றைக்கும். செவ்வந்தித் தொட்டிகள் அதை மறைக்கத்தான், வருடா வருடம் பூத்த தொட்டியாக வாங்கி வைக்கிறேன். நீ கால் வைத்து இறங்கியது அந்தப் பலகை முடியும் இடத்தில், குழாயின் வாய்க்குப் பக்கத்தில். உன் முதல் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் நூடுல்ஸ் கடை என்று எழுதினேன்.

உன் வேலை போகும் என்று படித்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். பேராசிரியர் சொன்ன இரண்டு சொல்லை நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை.

10-ஆம் தேதி விளையாட்டு நாள் விடுமுறை. தெருச் சங்கத்தின் கயிறு இழுக்கும் போட்டி முடிந்து எல்லோரும் சோற்று உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் கொஞ்சம் என் பின்வாசலுக்கு வாங்க" என்றேன். ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஒரு ஜாடி எடுத்து அனுப்பியிருக்கலாம், அது எனக்கும் தோன்றியது. அப்படிச் செய்தால் இதுவும் சின்னப் பொய்களில் ஒன்று ஆகிவிடும். ஒவ்வொரு தொட்டியாக நகர்த்தினேன். பலகையை எடுத்தேன். வாடை வந்தது. நகராட்சித் துணைத் தலைவர் மூன்றடி பின்னால் போனார்.

ஒகிதாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒலிபெருக்கியை என் கையில் வைத்தார்.

"அன்னிக்கு என்னைச் சொல்ல வச்சீங்களே தலைவரே, அதே மாதிரி. சத்தமா."

சொன்னேன். தலையைக் குனிந்து, இடுப்பு வளைத்து, சத்தமாகச் சொன்னேன். முடித்துவிட்டும் நிமிரவில்லை, நிமிர்ந்தால் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டுமே.

அப்புறம் நோனாகா அக்கா குரல் கேட்டது. "சரி சரி, நிமிருய்யா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது. அந்த மைக்கைக் குடு இங்க." ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "டோஃபுத் தண்ணி. ஒம்பது வருஷம். மழை நாள்ல மட்டும்" என்றார். அவரிடமிருந்து சாயப்பட்டறை மிசாவா வாங்கினார். அவரிடமிருந்து அரிசிக்கடைக்காரர். வரிசை கட்டி நின்றுவிட்டார்கள் சுமியே! கடைசியில் துணைத் தலைவரும் கை நீட்டினார், அப்புறம் என்ன நினைத்தாரோ, இழுத்துக்கொண்டார். ஒகிதா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருவிலேயே சுத்தமான ஆள் அவர்தான் என்று அன்று தெரிந்தது. ஆகவே இப்போது அவர்தான் தலைவர். சான்றிதழைக் கழற்றி அவர் சலூனில் மாட்டச் சொல்லிவிட்டேன், அவர் வேண்டாம் என்றார், முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கே சுவரில் இடம் போதாதாம். குழாயை அடைத்துவிட்டு வடிகட்டித் தொட்டி கட்டப் போகிறேன். திங்கள்தோறும் வாய்க்காலைத் தேய்ப்பதும் என் வேலை, பிளீச்சிங் பவுடர் இல்லாமல். இது ஒகிதாவின் முதல் உத்தரவு.

அடைப்பதற்கு முன், குழாயின் வாய்க்குள் கையை விட்டு, பழைய ஊறுகாய் ஜாடி நிறைய எடுத்திருக்கிறேன். இருபது வருடச் சேறு. வாடைக்கு மன்னித்துக்கொள்.

முத்திரை தொலையவில்லை. அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தேன். தினமும் அரிசி அளக்கும்போது கையில் தட்டுப்படும். நீ என்னிடம் கேட்டது இரண்டுதான், உண்மையும் முத்திரையும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிடித்து வைப்பது சரியில்லை. ஆகவே படிவத்தில் குத்தி, பெட்டியில் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குத்தப் பிரியமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் எதையும் மறைப்பதாக இல்லை.

டாக்டரிடம் போனேன். ரத்தக் கொழுப்பு அதிகமாம். உன் பாக்டீரியாவைக் குடிக்கலாமா என்று கேட்டேன், திட்டினார்.

கென்சோ


ஒசாகா
30 நவம்பர்

என் வீட்டுக்காரருக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஜாடியைத் திறந்ததும் மாடி முழுக்கக் காலியாகிவிட்டது. பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கேஸ் கசிகிறது என்று தீயணைப்புக்கு போன் பண்ணிவிட்டார்கள். நான் ஒருத்திதான் உள்ளே நின்றேன். எனக்கு அந்த வாடை நம் அடுப்படி வாடையாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு தட்டு பூசி, குளிரில் வைத்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் காலையில் போய் மூடியைத் தூக்கினால், ஐந்தாவது தட்டில் ஒரு வளையம். ஏழாவதில் மூன்று. சாயங்காலத்துக்குள் எண்ண முடியவில்லை. பேராசிரியர் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். உறைபெட்டியின் பிளக்கை இப்போது சுவரோடு சேர்த்து டேப் ஒட்டியிருக்கிறோம், மூன்று சுற்று.

நேற்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பச்சைத் தண்ணீரில், கட்லெட் எண்ணெய் படிந்த துணியை அவர்கள் கண்முன்னாலேயே அலசிக் காட்டினேன். துணி உங்களுடையது. நான் கிளம்பிய அன்று தவறுதலாக என் பையில் வந்துவிட்ட சமையல் மேல்துணி. மூன்று வருடம் ஏன் துவைக்காமல் வைத்திருந்தேன் என்று ஒருவர் கேட்டார். ஆராய்ச்சிக்காக என்றேன். கறை போய்விட்டது. என் வேலை நிலைத்தது.

அறிக்கையில் பாக்டீரியா கிடைத்த இடம் எழுத வேண்டும். உங்கள் பெயர் போட வேண்டாம் என்று 'ஓர் உணவுக்கடையின் கழிவுக்குழாய்' என்று எழுதியிருந்தேன். அப்புறம், தெருவே அறிந்ததை நான் எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றியது. 'குரிமோட்டோ கட்லெட் கடை, பின்வாசல்' என்று மாற்றிவிட்டேன். இனி கசடு ஊற்ற வேண்டாம், எங்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது. ஆனாலும் அடைத்த குழாயில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று மாதம் ஒரு தடவை நேரில் வந்து பார்க்க வேண்டியிருக்கும். டிசம்பர் 11, ஞாயிறு, பத்தே முக்கால் ரயில். முன்வாசல் வழியாக வருகிறேன். பேனர் வேண்டாம் என்று சொன்னால் பேனர் வைப்பீர்கள், ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. டீ வேண்டும்.

கடைசியாக, படிவம். ஊறுகாய் ஜாடியின் மூடியை நீங்கள் ஒரு நாளும் இறுக்கி மூடியதில்லை, இந்தத் தடவையும் மூடவில்லை. சேற்றுத் தண்ணீர் கசிந்து படிவம் முழுக்க ஊறிவிட்டது. முத்திரை மை எண்ணெயில் குழைத்தது இல்லையா? உங்கள் பெயர் இருந்த இடத்தில் இப்போது இளஞ்சிவப்பாக ஒரு கறைதான் இருக்கிறது. பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு தின்னுட்டான்மா!" என்று குதித்தார். குளிர்ப் பார்சலில் இரண்டு நாளில் அது அவ்வளவு தின்னாது என்று எனக்குத் தெரியும். நான் மறுத்துப் பேசவில்லை.

எதுவானாலும் அந்தத் தாளை எந்த அலுவலகத்திலும் வாங்க மாட்டார்கள். புதிதாக ஒன்று எடுத்துவரலாம் என்று இன்று எதிரே வட்ட அலுவலகத்துக்குப் போனேன். படிவம் தீர்ந்துவிட்டதாம். மறுபடி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லையாம்.

உங்கள்
சுமியே